பிரேக் கட்டையாக இருந்தால் பூஸ்டரைத்தான் மாற்ற வேண்டுமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி அருகே வசிக்கிறேன். சென்ற ஆண்டு தரகர் மூலம் ஒரு பழைய டீசல் கார் வாங்கினேன். சில வாரங்களாகப் பிரேக் பெடல் கட்டைபோல் இறுகிக் கிடக்கிறது. முழுப் பலத்துடன் ஏறி மிதித்தால்தான் வண்டி நிற்கிறது. மன்னார்குடியில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் பானட்டைத் திறந்து பார்த்த உடனேயே, பூஸ்டரையும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார்கள். காயலான் கடையில் பழைய பூஸ்டர் மலிவாகக் கிடைக்கும் என்கிறார் நண்பர். என்ன செய்வது?

பதில்: முதலில், இந்த நிலையில் வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும், மாடு குறுக்கே வரும் நம் பகுதியில், திடீரென்று மிதிக்க வேண்டிய தேவை எந்த வளைவிலும் வரும். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். இல்லையென்றால் வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லாமல், வேறு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

பூஸ்டர் என்பது நடுவில் ரப்பர் டயஃபிரம் (சவ்வு) கொண்ட வட்டமான தகரப் பெட்டி. அதற்குள் இருக்கும் காற்றை, பெட்ரோல் வண்டியில் என்ஜினும், உங்களுடையதுபோன்ற டீசல் வண்டியில் தனி வேக்குவம் (வெற்றிட) பம்ப்பும் உறிஞ்சி எடுக்கின்றன. நீங்கள் பெடலை மிதிக்கும்போது டயஃபிரத்தின் ஒரு பக்கம் வெளிக்காற்று புகுந்து, உங்கள் காலுடன் சேர்ந்து தள்ளுகிறது. ஆகவே பெடல் இறுகினால் பூஸ்டர் கெட்டிருக்கலாம்; பூஸ்டர் நன்றாக இருந்து, வேக்குவம் அதற்கு வந்து சேராமலும் இருக்கலாம். இரண்டாவதைச் சரிசெய்யப் பெரும்பாலும் ஆகும் செலவு, முதலாவதன் செலவோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. இரண்டில் எது என்று பிரித்தறியாமல் விலை சொல்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து.

அதைப் பிரித்தறிய நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, என்ஜினை அணைத்த நிலையில் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள், அது இறுகிவிடும். பிறகு மிதித்த காலை எடுக்காமலேயே என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகச் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வேக்குவம் வருகிறது, அது வேலையும் செய்கிறது. இறங்கவே இல்லையென்றால் கோளாறு உறுதி. அடுத்து, என்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டு, இடைவெளி விட்டு மூன்று முறை மிதியுங்கள். ஒவ்வொரு முறையும் பெடல் முந்தைய மிதியைவிடச் சிறிது மேலேயே நின்றால் பெட்டியில் காற்றுக் கசிவு இல்லை. முதல் மிதியிலேயே இறுகியிருந்தால் பெட்டியில் வேக்குவம் தங்கவில்லை. மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் அருகே 'உஸ்' என்ற சத்தம் நிற்காமல் வந்தால், டயஃபிரம் கிழிந்திருப்பதையோ உள்ளே இருக்கும் வால்வு கெட்டிருப்பதையோ சந்தேகிக்க வேண்டும்.

பெடல் இறங்கவில்லை என்றால், மெக்கானிக் முதலில் கை வைக்க வேண்டிய இடம் பூஸ்டரில் செருகியிருக்கும் ரப்பர் ஹோஸ். அதைக் கழற்றி, என்ஜின் ஓடும்போது முனையை விரலால் மூடினால் பலமாக உறிஞ்ச வேண்டும். வேக்குவம் கேஜ் (அளவுமானி) வைத்தால், ஆக்சிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும் ஐடிலில் பாதரச அளவில் சுமார் 18 அங்குலமோ அதற்கு மேலோ காட்ட வேண்டும். உறிஞ்சவில்லையென்றால் ஹோஸையும் அதிலுள்ள ஒருவழி வால்வையும் பாருங்கள். வயலை ஒட்டிய வீடுகளில் நிற்கும் வண்டிகளில் இதைச் சொல்லாமல் விட முடியாது: அறுவடை முடிந்ததும் வயல் எலி பானட்டுக்குள் குடியேறி, வயரையும் ரப்பரையும் கடிக்கிறது. ஹோஸின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத வளைவில், பல் பதிந்த ஒரு சிறு ஓட்டை போதும். ஹோஸ் நன்றாக இருந்தால் அடுத்தது வேக்குவம் பம்ப். பல பழைய டீசல் கார்களில் அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பின்புறமே இருக்கும். அங்கே ஆயில் கசிந்திருந்தால் அதைக் கவனியுங்கள். முனையில் நன்றாக உறிஞ்சி, பெடல் மட்டும் இறங்கவில்லையென்றால் அப்போது பூஸ்டரை மாற்றுங்கள்.

மிதிக்கும் அழுத்தத்தைப் பிரேக் ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் வேறு விஷயம். அது கெட்டால் பெரும்பாலும் பெடல் மெல்ல உள்ளே இறங்குமே தவிர இறுகாது. ஆனால் வெளியே கசிவே தெரியாமல் பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வந்தால், அதன் பின்பக்க சீல் வழியாக ஆயில் பூஸ்டருக்குள் போய் டயஃபிரத்தைக் கெடுக்கக்கூடும். இரண்டும் சேரும் இடத்தைப் பிரித்து ஈரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஈரம் இருந்தால் இரண்டையும் மாற்றச் சொல்வதில் நியாயம் உண்டு. சோதனைகளில் பூஸ்டர் தேறியும் வண்டி நிற்காவிட்டால், சக்கரத்தின் தட்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேட் மினுமினுத்துப் போயிருக்கலாம், அல்லது பேட்டை அழுத்தும் கேலிப்பர் நகர உதவும் ஊசி (பின்) துருவேறி இறுகியிருக்கலாம். வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் ஓடும் வண்டிகளில் துருவுக்குப் பஞ்சமில்லை.

காயலான் கடைப் பூஸ்டர் வேண்டவே வேண்டாம். உள்ளிருக்கும் ரப்பரின் வயதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. உங்கள் மாடலுக்கான புதிய பாகத்தை, பாக எண் எழுதிய பில்லுடன் வாங்குங்கள்.

வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடும், முடிந்தபின் கழற்றிய பழைய பாகமும் கேளுங்கள். மாற்றாத பாகத்துக்குப் பணம் வாங்கியிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகாருக்குரியது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் சொல்லலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

கேள்வி: மயிலாடுதுறையிலிருந்து அடிக்கடி வாடகைக் காரில் போகிறோம். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி இறங்கும்போது ஓட்டுநர் டீசல் மிச்சம் என்று என்ஜினை அணைத்துவிடுகிறார். அனுமதிக்கலாமா?

பதில்: கூடாது; வாடகை கொடுப்பவர் என்ற முறையில் நீங்கள் தடுக்க உரிமை உண்டு. என்ஜின் நின்றால் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்கு மேல் தாங்காது. பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். அவர் எதிர்பார்க்கும் மிச்சமும் இதில் இல்லை: இன்றைய வண்டிகளில் கியரில் இருக்கும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், என்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும் டீசல் பாய்வது நின்றுவிடுகிறது.