மாங்கொட்டையில கொழுப்பு எவ்ளோ? (வாசகர் கேள்வி பதில்)

சார், எம்.எஸ்சி கெமிஸ்ட்ரி ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரியில இருந்து பெங்களூரா ரக மாங்கொட்டை வாங்கிட்டு வந்து, பருப்பை உடைச்சு காயவெச்சு பொடி பண்ணி, சாக்ஸ்லெட்ல (சால்வென்ட்டை, அதாவது கரைக்கற திரவத்தை, கொதிக்கவெச்சு குளிரவெச்சு பொடி மேல திரும்பத் திரும்ப சொட்டவிடற கண்ணாடிக் கருவி) கொழுப்பைக் கரைக்கற ஹெக்சேன் ஊத்தி ஆறு மணி நேரம் ஓட்டினேன். 20 கிராம் பொடிக்கு 4.6 கிராம் கொழுப்பு வந்துச்சு. "இவ்ளோ வராதும்மா, மறுபடி பண்ணு"ன்னு கைடு சொல்றாங்க. எங்க தப்பு?
மாணவி, தர்மபுரி

உங்க கைடு சொல்றது சரிதான் கண்ணு. மாங்கொட்டை பருப்புல காஞ்ச எடைக்கு பொதுவா ஏழுல இருந்து பதிமூணு சதவீதம் வரைக்கும்தான் கொழுப்பு வரும், ரகத்துக்கு ரகம் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும், உங்களுக்கு 23 சதவீதம் வந்திருக்குன்னா கூடுதலா வந்ததுல பெரும்பங்கு ஹெக்சேனாத்தான் இருக்கணும். ஹெக்சேன் 69 டிகிரியிலயே கொதிச்சுடும், அதனால சட்டுனு போயிடும்னு நெனைப்போம், ஆனா கடைசியா மிஞ்சற கொஞ்சம் கொழுப்புக்குள்ள கரைஞ்சு அப்படியே உக்காந்துக்கும், லேசுல கிளம்பாது. முதல்ல ரோட்டாவேப்பர்லயோ (ஃபிளாஸ்க்கை சுத்தவிட்டு சால்வென்ட்டை ஆவியாக்கற கருவி), ஃப்யூம் ஹூட்டுக்குள்ள (ஆவியை வெளிய இழுக்கற கூண்டு) வாட்டர் பாத்லயோ வெச்சு நல்லா ஓட்டிட்டு, வாசனை அடங்கினப்புறம்தான் ஓவன்ல 100 டிகிரிக்கு அரை மணி நேரம் வைக்கணும் (ஹெக்சேன் ததும்பற ஃபிளாஸ்க்கை நேரா ஓவன்ல வெச்சுடாதீங்க, தீப்பிடிக்கும்). டிசிகேட்டர்ல (ஈரம் சேராத மூடின கண்ணாடிப் பாத்திரம்) ஆறவெச்சு எடை போடுங்க, மறுபடி அரை மணி, மறுபடி எடை, ரெண்டு எடையும் ஒண்ணா வர்ற வரைக்கும் விடக்கூடாது. இந்தக் கொழுப்பு வெண்ணெய் மாதிரி இறுகற சாதி. தண்ணியா ஓடுச்சுன்னா உள்ள சால்வென்ட் இருக்குன்னு அர்த்தம். ஏப்ரல் மாச தர்மபுரி வெயில்ல சுத்தமான கொழுப்பே இளகித்தான் கிடக்கும், அதனால ஏசி போட்ட பேலன்ஸ் ரூம்ல வெச்சு பாருங்க.

இன்னொண்ணு, வெறும் ஃபிளாஸ்க்கை எடை போட்டுட்டு அப்புறமா, பொங்காம சீரா கொதிக்கறதுக்குப் போடற பீங்கான் சில்லு போட்டீங்களா? அந்த சில்லும் கொழுப்பு கணக்குல சேந்துடும். நான் ஒரு தடவை இதே தப்பை பண்ணி மூணு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். பொடி ரொம்ப மைசா இருந்தா திம்பிள்ல (பொடியை போடற கெட்டிக் காகிதக் குழல்) இருந்து வழிஞ்சும் கீழ இறங்கும், ரவை பதம் போதும், மேல ஒரு துண்டு பஞ்சு வெச்சு அடைங்க, பொடியோட மட்டம் சைஃபன் (நிரம்பின சாறை கீழ ஃபிளாஸ்க்குக்கு இறக்கற வளைஞ்ச குழாய்) வளைவுக்கு கீழதான் இருக்கணும்.

எப்ப நிறுத்தறதுங்கறதையும் சொல்லிடறேன். இலைன்னா சைஃபன்ல பச்சை தெளியறது கண்ணுக்கே தெரியும், மாங்கொட்டை கொழுப்புக்கு நிறமே கம்மி, அதனால கண்ணை நம்பாதீங்க. ஹீட்டரை அணைச்சு ஆறவிட்டு, திம்பிள் பக்கம் நிக்கற ஹெக்சேன்ல ஒரு சொட்டு எடுத்து ஃபில்டர் பேப்பர்ல விட்டு காயவிடுங்க. வடை கட்டின பேப்பர் மாதிரி எண்ணெய்க்கறை நின்னுச்சுன்னா இன்னும் ஓட்டணும். அப்புறம் முக்கியமா, மிச்ச பொடியை தூக்கிப் போட்டுடாதீங்க, அதை காயவெச்சு எத்தனால்ல மறுபடி ஓட்டுங்க, டானின் (துவர்ப்பு குடுக்கற பொருள்) மாதிரி பொருளெல்லாம் அதுலதான் இறங்கும். ஹெக்சேன் எண்ணெய்ப் பசையை மட்டும்தான் இழுக்கும், அதை முதல்லயே எடுத்துட்டா எத்தனால் சாறு பிசுபிசுன்னு இல்லாம சுத்தமா வரும், ஹெக்சேன் முதல்லங்கறது அதுக்குத்தான். ஐரோப்பாவுல சாக்லேட்டுல கோகோ வெண்ணெய்க்கு பதிலா கொஞ்சமா சேக்கலாம்னு சட்டம் அனுமதிச்ச ஆறு கொழுப்புல மாங்கொட்டை கொழுப்பும் ஒண்ணு, நம்ம ஊர் ஃபேக்டரி வாசல்ல மலையா குமிஞ்சு ஈ மொய்க்கற பொருள்தான் அது, அதனால உங்க ப்ராஜெக்ட் மேல எனக்கு ரொம்ப ஆசை இருக்கு, விடாம பண்ணுங்க.

ஐயா, எங்க அப்பாயி மூலிகையை மணிக்கணக்கா கொதிக்க விடும். நீங்களும் லேப்ல எட்டு மணி நேரம் ஓட்டறீங்க. சூட்டுல சத்து போயிடாதா?
வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

போறதும் உண்டுங்க, போகாததும் உண்டு, எந்தப் பொருள்ங்கறதைப் பொறுத்தது. சளிக்கு நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கிறோம்ல, அந்த வாசனை எண்ணெய் பானையை விட்டு கிளம்பறதாலதான் மூக்குக்கு வருது, ரெண்டு மணி நேரம் திறந்து கொதிக்கவிட்டா பானையில என்ன மிஞ்சும்? உங்க ஊர்ப்பக்கம் மஞ்சளை வேகவெச்சுத்தான் காயப்போடறாங்க, அதுக்கு நிறம் குடுக்கற குர்க்குமின் தண்ணியில அனேகமா கரையாது, அதனால கிழங்குலயே தங்கிடுது.

சாக்ஸ்லெட்ல ஒரு சூட்சுமம் இருக்கு, பல மாணவர்களுக்கே இது தெரியறதில்ல. ஆவி மேல போயி கண்டென்சர்ல குளிர்ந்து சொட்டு சொட்டா பொடி மேல விழுது, அதனால பொடிக்கு சூடு கம்மிதான். ஆனா இறங்கின சாறு கீழ ஃபிளாஸ்க்ல கொதிச்சுக்கிட்டே கிடக்கும், முதல் மணியில இறங்கின பொருள் மிச்ச ஏழு மணி நேரமும் வேகும். சூடு தாங்காத பொருளா இருந்தா அங்கதான் கெடும்.

சீனாவுல தூ யூயூ அம்மா மலேரியாவுக்கு மருந்து தேடினப்ப இதே சிக்கல்தான். ஆர்ட்டிமீசியா செடிச்சாறு ஒரு தடவை வேலை செஞ்சுது, மறு தடவை செய்யல. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேல பழைய ஒரு மருத்துவ ஏட்டுல செடியை தண்ணியில ஊறவெச்சு பிழிஞ்சு குடின்னு இருந்ததைப் படிச்சப்பதான், அட, கொதிக்க வைக்கச் சொல்லவே இல்லையேன்னு அவங்களுக்கு உறைச்சிருக்கு. 35 டிகிரியிலயே கொதிக்கற ஈத்தரை வெச்சு கம்மி சூட்டுல எடுத்தாங்க, 1971ல அந்தச் சாறு எலி மலேரியாவை முழுசா அடக்கிடுச்சு. 2015ல நோபல் பரிசு. அப்பாயி எந்த மூலிகையை போடுதுன்னு எழுதுங்க, அதை வெச்சு மேல பேசலாம்.

சாக்ஸ்லெட்னா என்ன பேரு?
ஆசிரியை, ஓசூர்

ஆள் பேருதாங்க. ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட், 1879ல இந்தக் கருவியை எழுதி வெளியிட்டாரு. அவரு எடுக்க நெனைச்சது பாலுல இருக்கற கொழுப்பை, செடிக்கு வந்தது அப்புறம்தான்.

அண்ணா, பிளஸ் டூ படிக்கிறேன். வீட்டுலயே பெட்ரோல்ல இலையை போட்டு சூடு பண்ணி எண்ணெய் எடுக்கலாமா?
மாணவன், அரூர்

வேண்டாம் தம்பி, கெஞ்சிக் கேக்கறேன், வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட தரையா ஊர்ந்துபோயி பக்கத்து ரூம் அடுப்புல பத்திக்கும், பத்தினா அதே வழியில திரும்பி உன்கிட்ட வரும். எக்ஸ்ட்ராக்‌ஷன் பாக்கணும்னா வீட்டு காபி ஃபில்டரையே பாரு, வெந்நீர்தான் சால்வென்ட், டிகாக்‌ஷன்தான் சாறு. முதல் டிகாக்‌ஷன், ரெண்டாவது, மூணாவது தனித்தனியா டம்ளர்ல பிடிச்சு வெச்சு நிறத்தை பாரு. புதுசு புதுசா சால்வென்ட் ஊத்த ஊத்த மிச்சம் மீதியும் இறங்குது பாத்தியா, சாக்ஸ்லெட் அதைத்தான் தானா பண்ணுது.

சார், காலேஜ் லேப்ல அசிஸ்டென்ட்டா இருக்கேன். வெயில் காலத்துல டேங்க்ல தண்ணி நின்னுடுது, கண்டென்சருக்கு என்ன பண்றது?
வாசகர், கிருஷ்ணகிரி

குழாயை நம்பாதீங்க. நான் வேலை பாத்த ஒரு லேப்ல சாப்பாட்டு நேரத்துல தண்ணி நின்னு, திரும்பி வந்தப்ப ரூம் பூரா மெத்தனால் வாடை, ஃபிளாஸ்க் அடியில கருகின தார் மாதிரி ஒரு பட்டை, நல்லவேளை தீ எதுவும் பத்தல. அதுக்கப்புறம் ஒரு பெரிய பக்கெட்டுல தண்ணியும் ஐஸும் போட்டு, ஏர் கூலர்ல வர்ற சின்ன முங்கு பம்பை இறக்கி, அதே தண்ணியை சுத்தவிட்டோம். தண்ணி கீழ் முனையில நுழைஞ்சு மேல் முனையில வெளியேறணும், ஐஸ் கரைய கரைய போட்டுக்கிட்டே இருங்க. பம்புக்கும் ஹீட்டருக்கும் ஒரே போர்டுல கனெக்‌ஷன் குடுங்க, கரண்ட் போனா ரெண்டும் சேந்தே நிக்கும். போர் தண்ணி ஊத்தினா கண்டென்சர் உள்ள வெள்ளையா உப்பு படியும், மாசம் ஒரு தடவை எலுமிச்சை உப்பு கரைச்ச தண்ணியை ஒரு ராத்திரி நிரப்பி வெச்சு கழுவி விடுங்க. ஓடறப்ப ஆளில்லாம மட்டும் விடாதீங்க, டீ குடிக்கப் போனாலும் யாரையாவது உக்கார வெச்சுட்டு போங்க.