அந்த அறைக்குள் நான் போகவில்லை

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு வயது 41. மதுரையில் கணவர், ஏழு வயது மகள், மாமியாருடன் வசிக்கிறேன். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், எங்களுக்குத் திருமணமான புதிதில், ஒரு மழை இரவில் எங்கள் வாசற்படியில் வந்து ஒண்டிய நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வளர்த்தோம். மணி என்று பெயர் வைத்தோம். அடுத்த ஆறு ஆண்டுகள் எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த ஆண்டுகளில் அவன்தான் எங்களுக்குப் பிள்ளை.

இந்தச் சித்திரையில் அவன் நிறையத் தண்ணீர் குடித்தான். வெயிலுக்குக் குடிக்கிறான் என்று இருந்துவிட்டேன். வைகாசியில் சோற்றை ஒதுக்கினான், வாந்தி எடுத்தான். டாக்டர் இரத்தத்தைப் பரிசோதித்து, இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன என்றார். ஒன்பது நாள் டிரிப்ஸ் ஏற்றினோம். பத்தாவது நாள் அவனால் எழுந்து நிற்கவே முடியவில்லை. ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் அவனுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார். சம்மதக் கையெழுத்தை நான்தான் போட்டேன். ஆனால் ஊசி போடும்போது உள்ளே இருக்க என்னால் முடியவில்லை. வராந்தாவில் நின்றேன். கணவர் மட்டும் உள்ளே இருந்தார். கடைசி நேரத்தில் அவன் என்னைத் தேடியிருப்பான். இதை நினைத்து ஐம்பது நாட்களாக நான் சரியாகத் தூங்கவில்லை.

கணவர் அன்றிலிருந்து மணி என்ற பெயரையே எடுப்பதில்லை. தினமும் இரவு பத்து மணிக்கு அவனை வெளியே கூட்டிப் போவார். இப்போதும் அதே நேரத்துக்குத் தனியாகப் போய், அரை மணி நேரம் கழித்து வருகிறார். நான் அழுதுகொண்டிருப்பது தெரிந்தும் விட்டுவிட்டுப் போகிறார். 'மனிதர்கள் செத்தாலே பதினாறு நாள்தான், ஒரு நாய்க்கு இத்தனை நாளா?' என்று அத்தை கேட்கிறார். மகளிடம் மணியை என் தம்பியின் தோட்டத்தில் விட்டிருப்பதாகச் சொல்லிவிட்டோம். அங்கேதான் அவனைப் புதைத்திருக்கிறோம். காலாண்டு விடுமுறையில் போய்ப் பார்க்கலாம் என்று அவள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். தம்பி ஒரு லாப்ரடார் குட்டி வாங்கித் தருகிறேன் என்கிறான். இன்றும் சாப்பிடும்போது கடைசிப் பிடி தயிர்சோற்றைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கிறேன், பிறகுதான் நினைவு வருகிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? நான் அவனைக் கொன்றுவிட்டேனா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரி,

கடிதம் முழுக்க நீங்கள் மணியை 'அவன்' என்றே எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தயிர்சோறு. பதின்மூன்று ஆண்டுகள், ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று வைத்துக்கொண்டாலும் ஒன்பதாயிரம் முறைக்கு மேல் உங்கள் கை அந்தக் கடைசிப் பிடியை ஒதுக்கியிருக்கிறது. அவன் இல்லை என்பது மனதுக்குத் தெரிந்த பிறகும் கைக்குத் தெரிய நாளாகும். இது பைத்தியம் இல்லை. கேட் சத்தம் கேட்டதும் தலை திரும்புவதும், அவன் படுத்திருப்பதாக எண்ணிப் படிக்கட்டில் காலை எட்டி வைப்பதும்கூட இப்படித்தான். அந்தப் பிடியை ஒதுக்கிய பிறகு நினைவு வந்தால், எடுத்துப் போய்த் தெருவில் இருக்கும் ஒரு நாய்க்கு வையுங்கள். கை தன் வேலையைச் செய்துகொள்ளட்டும்.

இனி, உங்களைத் தூங்கவிடாத இரண்டு விஷயங்கள்.

சித்திரையில் கவனித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ என்று நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை. ஆனால் தண்ணீரைப் பற்றி அவ்வளவு துல்லியமாக எழுதியிருப்பதிலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. நாய்களுக்கு வரும் நாள்பட்ட சிறுநீரக நோயின் கொடுமையே அது மறைந்து வளர்வதுதான். சிறுநீரகங்களின் திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போகும்வரை உடல் எப்படியோ சமாளித்துவிடுகிறது. அதன் பிறகுதான் சிறுநீரை அடர்த்தியாக்கும் சக்தி குறைகிறது, நாய் அதிகம் சிறுநீர் கழிக்கிறது, அதை ஈடுகட்ட அதிகம் தண்ணீர் குடிக்கிறது. இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் உயர்ந்து காட்டும்போது ஏறத்தாழ முக்கால் பங்கு போயிருக்கும். இழந்த சிறுநீரகத் திசு மீண்டும் வளர்வதில்லை. அதாவது, மணி உங்கள் கண்ணெதிரே அந்த முதல் கூடுதல் கிண்ணத் தண்ணீரைக் குடித்தபோதே நோய் வெகுதூரம் கடந்துவிட்டிருந்தது. அன்றே ஓடியிருந்தால் உணவை மாற்றி, மருந்து கொடுத்துச் சில மாதங்கள் கூடுதலாக அவனை வைத்திருந்திருக்கலாம். அந்த வாய்ப்பு இருந்தது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். குணப்படுத்தியிருக்க முடியாது. மதுரையின் சித்திரை வெயிலில் தண்ணீர் அதிகம் குடிக்கும் நாயைப் பார்த்து, வெயிலுக்குக் குடிக்கிறது என்று நினைக்காதவர் யார்? பதின்மூன்று வயது என்பது ஒரு நாய்க்கு முதுமை. மழையில் ஒண்டிய தெருக்குட்டி அந்த வயதை எட்டியதே உங்கள் வீட்டால்தான்.

இரண்டாவது, அந்த அறை.

அங்கே என்ன நடந்திருக்கும் என்பதை நான் விளக்குகிறேன். அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. காலின் இரத்தக் குழாயில் ஏற்கெனவே குத்தியிருந்த ஊசி வழியாகவோ புதிதாகக் குத்தியோ, மயக்க மருந்தை மிக அதிக அளவில் செலுத்துவார்கள். பல டாக்டர்கள் அதற்கு முன்பே அமைதிப்படுத்தும் மருந்து ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். மருந்து இரத்தத்தில் கலந்த சில விநாடிகளிலேயே நினைவு போய்விடும். மூச்சும் இதயமும் நிற்பது அதற்குப் பிறகுதான், சில நிமிடங்களுக்குள். அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போது நாம் எப்படி வலி தெரியாமல் நழுவிப் போகிறோமோ அதே போன்றதுதான் அது. ஒன்பது நாள் இரத்தத்தில் கழிவு தேங்கி, வாய் புண்ணாகி, குமட்டலோடு கிடந்த உடலுக்கு அந்தச் சில விநாடிகள் கொடுமை அல்ல. பத்தாவது நாளுக்குப் பிறகும் விட்டுவைத்திருந்தால் அவனுக்கு வந்திருக்கக்கூடியது வலிப்பு, நினைவு தப்புதல், நாள்கணக்கில் இழுபறி. அந்தக் கையெழுத்தைப் போட்டு நீங்கள் அவனைக் கொல்லவில்லை. கொன்றது நோய். அந்த இழுபறியிலிருந்து நீங்கள் அவனைக் காப்பாற்றினீர்கள்.

உள்ளே போகவில்லையே என்ற வேதனையை நான் சமாதானம் சொல்லித் துடைக்கப் போவதில்லை. இருந்திருந்தால் உங்களுக்கு நல்லதாக இருந்திருக்கும். என் தந்தை இறந்தபோது நானும் மருத்துவமனை வராந்தாவில்தான் நின்றேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களின் மனம் அந்தப் பக்கம் நடந்ததை உண்மையில் நடந்ததைவிட மோசமாகவே வரைந்துகொள்ளும். 'என்னைத் தேடியிருப்பான்' என்பது அப்படி உங்கள் மனம் வரைந்த படம். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். நாய்க்கு உலகம் முதலில் மூக்கு வழியாகத்தான் தெரிகிறது. அந்த அறையில் அவனுக்கு மிக அருகில் இருந்த வாசனை, பதின்மூன்று ஆண்டுகளாக இரவு பத்து மணிக்குத் தன்னைக் கூட்டிப்போன மனிதரின் வாசனை. அவன் அந்நியர் நடுவில் போகவில்லை.

இப்போது உங்கள் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து நான் உங்களைவிட அவரைப் பற்றித்தான் அதிகம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பார்க்காததை அவர் பார்த்திருக்கிறார். இப்படிப் போகும் நாயின் கண்கள் பெரும்பாலும் மூடுவதில்லை. இதயம் நின்ற பிறகும் ஓரிரு முறை ஆழமாக மூச்சு இழுப்பது போல உடல் அசையலாம். கால் தசைகள் துடிக்கலாம், சிறுநீர் பிரியலாம். இவை எதிலும் வலி இல்லை, நினைவு இல்லை. நரம்பும் தசையும் அடங்கும்போது தாமாக நிகழ்பவை. ஆனால் முன்கூட்டியே சொல்லப்படாத ஒருவர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? 'ஐயோ, உயிர் இருக்கிறது, துடிக்கிறான், அவசரப்பட்டுவிட்டோம்' என்றுதான் நினைப்பார். ஐம்பது நாட்களாக அவர் அந்தப் பெயரை உச்சரிக்காததற்கு இது காரணமாக இருக்கலாம். உங்களிடம் சொன்னால் நீங்கள் உடைந்துவிடுவீர்கள் என்று பயந்து, தானே சுமக்கிறாரோ என்னவோ. மேலே நான் எழுதிய பத்தியை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் அத்தையின் மீது எனக்குக் கோபமில்லை. அவர் சொல்லும் பதினாறு நாள் கணக்கில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. மனிதர் இறந்தால் அந்தப் பதினாறு நாட்களும் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வரும். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் 'என்ன ஆச்சு?' என்று கேட்பார்கள். நாமும் அதே கதையை நூறு முறை சொல்லிச் சொல்லி அழுவோம். நூறாவது முறை சொல்லும்போது தொண்டை கொஞ்சம் தளர்ந்திருக்கும். மணிக்குத் துக்கம் விசாரிக்க யாராவது வந்தார்களா? நீங்கள் ஒருமுறைகூட யாரிடமும் முழுக்கச் சொல்லவில்லை. ஊர் ஒப்புக்கொள்ளாத இத்தகைய துக்கத்துக்குத் தனிப் பெயரே வைத்து ஆராய்ந்திருக்கிறார் கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர். 1989-இல் அவர் இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். துக்கம் சிறியதாக இருப்பதால் அல்ல, சொல்ல இடம் இல்லாததால்தான் அது நீள்கிறது.

அத்தைக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பக்கம் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் பழமையானது. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் இறந்த ஒரு வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனுக்கு அருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள், கோவிவன் என்று. கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். கல்வெட்டில் ஓர் எழுத்து வெட்டுவதற்கு எத்தனை உளியடி தேவை என்று நினைத்துப் பாருங்கள். இந்த மண்ணில் நாய்க்காக வருந்தியவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. அத்தையோடு வாதாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள். மணியைப் பற்றி அவருக்கும் ஏதாவது நினைவிருக்கும். நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பகல்களில் வீட்டில் அவனோடு இருந்தது யார்?

மகளிடம் சொன்ன பொய்யை விடுமுறைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவள் தோட்டத்துக்குப் போய் மணியைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடி, பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது. ஏழு வயதுக் குழந்தைக்கு, இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது பெரும்பாலும் புரியும். தன்னிடம் மறைத்தார்கள் என்பதும் புரியும். 'தூங்க வைத்துவிட்டோம்' என்று சொல்லாதீர்கள், அவள் தூங்கப் பயப்படுவாள். 'சாமி கூட்டிக்கொண்டது' என்றால், அடுத்து யாரைக் கூட்டிக்கொள்ளும் என்று கேட்பாள். நேராகச் சொல்லுங்கள்: "மணிக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போய்விட்டது. டாக்டரால் சரிசெய்ய முடியவில்லை. அவன் இறந்துவிட்டான். மாமா தோட்டத்தில் புதைத்திருக்கிறோம். உன்னிடம் சொல்ல எங்களுக்குப் பயமாக இருந்தது, அதனால் பொய் சொல்லிவிட்டோம். அது தப்பு." அவள் கோபப்படட்டும். ஒரே கேள்வியைப் பத்து நாள் கேட்பாள். பத்து நாளும் அதே பதிலைச் சொல்லுங்கள். நாம் ஏதோ தப்பு செய்ததால்தான் இறந்தானா என்று குழந்தைகள் மனதுக்குள் கணக்குப் போடுவதுண்டு. அவள் செய்த எதனாலும் இது நடக்கவில்லை என்பதை ஒரு முறையாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். விடுமுறையில் தோட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். அந்த இடத்தில் என்ன வைப்பது என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

லாப்ரடார் குட்டியைப் பற்றி: இப்போது வேண்டாம். தம்பியின் அன்புக்கு நன்றி சொல்லி, நாங்களே கேட்கும்போது வாங்கித் தா என்று சொல்லிவிடுங்கள். மகள் உண்மையைத் தெரிந்துகொண்ட வாரத்திலேயே வேறொரு குட்டி வந்தால், இறந்தவர்களுக்குப் பதில் ஆள் கொண்டுவந்துவிடலாம் என்பதைத்தான் அவள் கற்பாள். அந்தக் குட்டிக்கும் அது நியாயம் இல்லை, ஒவ்வொரு நாளும் அதை மணியோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். மணியின் கிண்ணத்தையும் சங்கிலியையும் என்ன செய்வது என்பதற்கும் அவசரமில்லை. பார்க்கும்போதெல்லாம் நெஞ்சை அடைத்தால் பரண் மேல் வையுங்கள். யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

தூக்கமின்மை ஐம்பது நாள் நீடிப்பது நல்லதல்ல. இன்னும் இரண்டு வாரத்தில் மாறாவிட்டால், சாப்பாடும் குறைந்து அன்றாட வேலைகளே முடியாமல் போனால், மருத்துவரைப் பாருங்கள். இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு அழையுங்கள். அரசு நடத்தும் இலவச மனநல உதவி எண் அது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். நாய்க்காகவா என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

மகளிடம் பேசுவதற்கு முன் கணவரிடம் பேசிவிடுங்கள். வீட்டுக்குள் வேண்டாம். எதிரெதிரே உட்கார்ந்து கேட்டால் அவரால் சொல்ல முடியாது. அவர் உங்களை விட்டுவிட்டுப் போவதாக எழுதியிருந்தீர்கள். மணி நடந்த அதே தெருவில், அதே நேரத்துக்கு, ஐம்பது இரவுகளாகத் தனியாக நடக்கும் மனிதர் அழாமல் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்று இரவு பத்து மணிக்கு அவர் செருப்பை மாட்டும்போது நீங்களும் மாட்டிக்கொள்ளுங்கள். எங்கே என்று கேட்டால், நானும் வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். கொஞ்ச தூரம் பேசாமல் நடங்கள். மணி நின்று நின்று முகரும் ஏதாவது ஒரு கம்பமோ மரமோ இருக்குமே, அங்கே வரும்போது கேளுங்கள்: "அன்றைக்கு உள்ளே என்ன நடந்தது? எனக்குச் சொல்லுங்கள்."