மேஜிக்கில் எது திருட்டு? சேலம் கலைஞர்களின் கேள்விகளுக்குப் பதில்

அம்மாபேட்டை: அண்ணே, என் கயிறு வெட்டும் ஐட்டத்தை ஏற்காடு கோடை விழாவில் இன்னொருத்தர் அப்படியே போட்டுவிட்டார். இடையில் நான் சொல்லும் மாமியார் மருமகள் கதை, கடைசி ஜோக் உட்பட. கேஸ் போடலாமா?

கயிறு வெட்டி ஒட்டுவது உங்கள் சொத்தும் இல்லை, அவர் சொத்தும் இல்லை தம்பி. அதை விட்டுவிடுங்கள். கதையும் ஜோக்கும் உங்களுடையவை, அங்கேதான் பிடி இருக்கிறது. நம் 1957 பதிப்புரிமைச் சட்டம் பேச்சில்லாத நடிப்பைக்கூட நாடகப் படைப்பாக ஏற்கிறது. ஆனால் அது எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருக்க வேண்டும். நம் ஆட்கள் எல்லாவற்றையும் மனசிலேயே வைத்திருப்பார்கள், அதுதான் சிக்கல்.

அமெரிக்க மேஜிக் கலைஞர் டெல்லர் கதையைக் கேளுங்கள். பூச்சாடியில் ஒரு ரோஜா, பின்னால் திரையில் அதன் நிழல். அவர் நிழலைக் கத்தியால் வெட்ட, நிஜப் பூவின் இதழ் உதிரும். இதை 1983-லேயே ஊமை நாடகமாக எழுதிப் பதிவு செய்துவிட்டார். 2012-ல் ஐரோப்பியக் கலைஞர் ஒருவர் அதேபோல் செய்து யூடியூபில் போட்டு, செய்முறையை விலைக்கும் வைத்தார். 2014-ல் நெவாடா நீதிமன்றம் டெல்லர் பக்கம் தீர்ப்பளித்தது. தந்திரத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை நடித்துக் காட்டிய விதத்துக்கு உண்டு என்பதுதான் சாரம். இன்றே உங்கள் ஐட்டத்தை வரி வரியாக எழுதி, தேதி போட்டு, வீடியோவும் எடுத்து வையுங்கள்.

ஓமலூர்: பேடன்ட் வாங்கினால் பாதுகாப்புதானே சார்?

பேடன்ட் வாங்க ரகசியத்தையே எழுதிக் கொடுக்க வேண்டும், அதை யாரும் படிக்கலாம். பெண்ணை ரம்பத்தால் அறுக்கும் வித்தைக்கு மேஜிக் கலைஞர் ஹோரஸ் கோல்டின் 1923-ல் பேடன்ட் வாங்கினார். 1933-ல் ஒரு சிகரெட் கம்பெனி அந்த வித்தையின் ரகசியத்தை விளம்பரத்திலேயே போட்டுவிட்டது. வழக்குப் போட்டார், தோற்றார்.

ஆத்தூர்: நம்மூர் ஆசாரியிடம் அளவு கொடுத்து ஜிக்ஜாக் பெட்டி செய்துகொள்ளலாமா? ஒரிஜினல் விலை கட்டுப்படியாகவில்லை.

ஊரே செய்கிறது என்பது எனக்கும் தெரியும். பெண்ணை உள்ளே நிற்கவைத்து, மூன்றாக வெட்டி, நடுப்பாகத்தைப் பக்கவாட்டில் தள்ளிக் காட்டுவோமே, மேஜிக் கலைஞர் ராபர்ட் ஹார்பின் 1965-ல் உருவாக்கிய பெட்டி அது, உலகமெங்கும் நகலெடுத்துத் தள்ளிவிட்டார்கள். சட்டம் உங்களைத் தேடி வராது. ஆனாலும் மேடையில் அவர் பெயரைச் சொல்ல ஒரு பைசா செலவில்லையே! ‘என் சொந்தக் கண்டுபிடிப்பு’ என்று மட்டும் போஸ்டர் அடிக்காதீர்கள்.

ஏற்காடு: எங்கள் பக்கம் ஒருவர் கையில் விபூதி வரவழைத்து, ஷோ முடிந்ததும் தாயத்து விற்கிறார். தட்டிக் கேட்டால் இதுவும் மேஜிக்தான் என்கிறார்.

மேடையில் பொய் சொல்வது நம் தொழில், டிக்கெட் வாங்கியவருக்கும் அது தெரியும். தாயத்து வாங்குகிறவருக்குத் தெரியாது. அதில் நோய் தீரும் என்று விளம்பரம் செய்தால், 1954-ல் வந்த மந்திர நிவாரண விளம்பரத் தடைச் சட்டம் பாயும். அதில் தாயத்தும் மந்திரமும் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. அவரைக் கலைஞர் என்று நான் சொல்ல மாட்டேன்.

சூரமங்கலம்: கல்யாண வீட்டில் என் ஷோவை யாரோ போனில் எடுத்து யூடியூபில் ஏற்றிவிட்டார்கள்.

பதிப்புரிமைச் சட்டத்தில் கலைஞர் என்பதற்கான விளக்கத்தில் பாம்பாட்டியோடு சேர்த்து நம்மையும் எழுதியிருக்கிறார்கள், கோபப்படாதீர்கள். நம் நிகழ்ச்சி மீது நமக்கு 50 வருஷத்துக்கு உரிமை உண்டு. சொந்த உபயோகத்துக்கு எடுத்தால் தப்பில்லை, அனுமதியில்லாமல் ஊருக்குக் காட்டுவதுதான் தப்பு. முதலில் கல்யாண வீட்டாரிடமே சொல்லி வீடியோவை நீக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். மசியவில்லை என்றால் யூடியூபுக்குப் புகார் கொடுங்கள்.