கிரிஸ்டல் மாட்டியதும் சிப் பேசவில்லையா?

அட்மெகா328பி மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்கு, கடிகாரத் துடிப்பு தரும் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை மாட்டி ஃபியூஸ் பிட்டை (எந்தக் கடிகாரத்தில் ஓடுவது என்று சிப்புக்குச் சொல்லும் அமைப்பு) மாற்றியதும், நிரல் ஏற்றும் புரோகிராமருக்குச் சிப்பே தெரியவில்லை என்கிறீர்கள். சிப் செத்திருக்க வாய்ப்பு குறைவு. புதுச் சிப் உள் கடிகாரத்தில் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். இப்போது வெளிக் கடிகாரத்துக்குக் காத்து நிற்கிறது, அவ்வளவுதான். இன்னொரு ஆர்டுயினோவிலிருந்து சதுர அலையை எக்ஸ்டல்1 காலுக்கு (கிரிஸ்டல் சேரும் இரு கால்களில் ஒன்று, மற்றது எக்ஸ்டல்2) கொடுத்துப் பாருங்கள். புரோகிராமர் பேசினால் ஃபியூஸைத் திருத்திவிடலாம்.

அப்புறம், கிரிஸ்டலின் இரு பக்கமும் தரைக்கு மாட்டும் கெப்பாசிட்டர். கிரிஸ்டலின் லோடு (அது எதிர்பார்க்கும் மொத்தக் கொள்ளளவு) 18 பிகோஃபாரட், போர்டின் தடங்களில் தானாகச் சேர்வது சுமார் 5 என்றால், ஒவ்வொரு பக்கமும் 2 × (18 − 5) = 26. கடையில் கிடைக்கும் 27 போதும். தவறி 104 என்று எழுதிய கெப்பாசிட்டரை (100 நானோஃபாரட்) மாட்டினால் கிளம்பவே கிளம்பாது (நானும் மாட்டியிருக்கிறேன்).

ஆசிலோஸ்கோப்பில் பார்ப்பதானால் 10எக்ஸ் புரோபை (சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக் காட்டும் அளவுமுனை) எக்ஸ்டல்2-இல் வையுங்கள். 1எக்ஸ் புரோபின் கொள்ளளவு, நன்றாக ஓடும் கிரிஸ்டலையே நிறுத்திவிடக்கூடும்.