'எனக்கு இதுக்குப் பயிற்சி இல்லை மேடம்'

கேள்வி: சிறிய நர்சரி பள்ளி நடத்துகிறேன். எல்.கே.ஜி.யில் 24 பிள்ளைகள், ஒரு மிஸ், ஓர் ஆயா. ஆட்டிசம் உள்ள நான்கு வயதுப் பையனைச் சேர்த்தோம். பேச்சு அதிகம் இல்லை. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறான். "எனக்குப் பயிற்சி இல்லை, சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள்" என்கிறார் மிஸ். அவர் மனதை எப்படி மாற்றுவது?

பதில்: மனதை மாற்றும் வேலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சக்கர நாற்காலியில் வரும் குழந்தையைத் தயங்காமல் ஏற்கும் ஆசிரியர்கள்கூட ஓடுகிற, கடிக்கிற குழந்தை என்றால் பின்வாங்குவார்கள். இது உங்கள் மிஸ்ஸுக்கு மட்டும் உள்ள குணம் அல்ல, அன்புக் குறைவும் அல்ல. ஒருவன் பின்னால் ஓடும்போது மற்ற 23 பேரில் யாருக்காவது அடிபட்டுவிடுமோ என்ற பயம். நியாயமான பயம்தான். அறிவுரை சொன்னால் போகாது. வகுப்பில் ஒரு விஷயம் ஒழுங்காக நடந்து காட்டினால் குறையத் தொடங்கும்.

எனவே, "எந்த நேரத்தில் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். ஐந்து நாள் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: மணி என்ன, அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நாம் என்ன செய்தோம். 'அடம்பிடித்தான்' என்று எழுதினால் பயனில்லை. 'மணி அடித்தது, வாசலுக்கு ஓடினான்' என்று எழுத வேண்டும். நாள் முழுக்கச் சிரமம் என்று தோன்றியது பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களில் வந்து நிற்கும். அந்த இடங்களை மட்டும் மாற்றுங்கள். மணியை அந்த வகுப்பை விட்டுத் தள்ளி அடிக்கலாம். அவன் இடத்தை வாசலிலிருந்து தூரமாக, முதுகுப் பக்கம் சுவர் இருக்கும்படி போடலாம்.

அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததும் அவனை ஓட வைக்கும். அதற்குப் படஅட்டை உதவும். உங்கள் வகுப்புப் பாய், அவனுடைய ஸ்நாக்ஸ் டப்பா, சறுக்கு மரம், புத்தகப் பை ஆகியவற்றைப் போனில் படமெடுத்து, உள்ளங்கை அளவில் லேமினேட் செய்து, வெல்க்ரோவால் அவன் கண் உயரத்தில் ஒட்டுங்கள். முதல் வாரம் இரண்டே அட்டை: இப்போது, அடுத்து. ஒன்று முடிந்ததும் அவனே கழற்றி டப்பாவில் போட வேண்டும். பத்துப் படத்தை ஒரே நாளில் ஒட்டி அப்படியே விட்டுவிட்டால் அது சுவர் அலங்காரம்தான்.

சொல்வதும் ஒவ்வொன்றாக இருக்கட்டும். "உட்காரு" என்று சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவசரப்பட்டு நாலு தடவை சொன்னால் ஒவ்வொரு தடவையும் அவனுக்குப் புதிதாகத்தான் கேட்கும்.

அம்மாவை நாள் முழுக்க வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். ஆயாவையும் அவனோடு நிரந்தரமாக ஒட்டவைக்க வேண்டாம். அப்படிச் செய்தால் அவன் மிஸ்ஸின் மாணவனாகவே ஆகமாட்டான், மிஸ்ஸுக்கும் அவனைப் புரியாது. தினமும் 15 நிமிடம் மற்ற பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்ள, மிஸ் அவனோடு இருக்கட்டும்.

பேச்சு வராத குழந்தைக்குக் காது பரிசோதனை முடிந்திருக்கிறதா என்று பெற்றோரிடம் கேளுங்கள். இல்லையென்றால், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பரிசோதிக்கும் அரசு மையமான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புங்கள். பேச்சுப் பயிற்சி பள்ளிக்குக் கூடுதலாகத்தான், பள்ளிக்குப் பதிலாக அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் பாகுபாடின்றிச் சேர்ப்பதைப் பற்றிப் பேசுகிறது. அதை நீங்கள் தெரிந்துவைத்திருங்கள். மிஸ்ஸிடம் மிரட்டலாகக் காட்டாதீர்கள்.

மற்ற பெற்றோர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், மிஸ் அல்ல. வாரம் 20 நிமிடம் அவரோடு அந்த நோட்டைப் புரட்டுங்கள். ஆறு வாரம் கழித்து முதல் வாரப் பக்கத்தையும் கடைசி வாரப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை தடவை ஓடினான் என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள்.