மறு: அம்மாவுக்கு ஜெபித்தும் பதில் இல்லை

பிரதர், சிங்கப்பூர் துவாஸில் நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே, ஊரில் டயாலிசிஸ் செய்துவரும் அம்மாவுக்காக உபவாசம் இருக்கிறீர்கள். செல் குரூப்பில் (சபையின் சிறு ஜெபக் குழுவில்) ஒருவர் "உனக்கு விசுவாசம் போதாது" என்றாராம். அதை மனதில் ஏற்றாதீர்கள். அப்போஸ்தலன் பவுல் மூன்று தரம் வேண்டியும், மாம்சத்தில் முள் என்று அவர் சொன்ன பாடு நீங்கவில்லை; "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12:8,9). அவருக்கா விசுவாசம் குறைவு?

தானியேல் 10 வாசியுங்கள். முதல் நாளே ஜெபம் கேட்கப்பட்டது, தூதன் வந்துசேர 21 நாள் ஆனது. அந்த மூன்று வாரமும் தானியேல் விட்டது ருசியான அப்பம், இறைச்சி, திராட்சரசம். நீங்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் மெஷின் முன்னால் நிற்பது ஆபத்து. ஆஃப் நாளில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டால் போதும்.

வார்த்தை வராத நாளில் சங்கீதம் 13. ஆறே வசனம், டார்மிட்டரிக்குத் திரும்பும் லாரியிலேயே சொல்லலாம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" நாலு முறை வருகிறது. அங்கே அம்மா பேரைச் சொல்லி அழுங்கள். 3, 4-இல் குறிப்பாகக் கேளுங்கள்: அடுத்த டயாலிசிஸில் பிரஷர் இறங்காமலிருக்க, ஆஸ்பத்திரிக்குப் போய்வர வண்டிச் செலவுக்கு. பலர் நேராக 5-க்கு, அதாவது "நம்பிக்கையாயிருக்கிறேன்" என்ற வசனத்துக்குத் தாவி, வலியைச் சொல்லாமலே ஆமென் போடுகிறார்கள். 5 வாயில் வராவிட்டால் 4-இலேயே நிறுத்துங்கள். சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதம்தான்.

யாராவது மருந்தை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். வியாதியாயிருந்த எசேக்கியா ராஜாவின் ஜெபம் கேட்கப்பட்ட பிறகும், பிளவைக்கு அத்திப்பழ அடை கொண்டுவரச் சொன்னார் தீர்க்கதரிசி ஏசாயா (2 இராஜாக்கள் 20:7). அம்மாவுக்கு டயாலிசிஸ் ஒருமுறைகூடத் தவறக் கூடாது.