நல்ல சிவில் வழக்கறிஞரை எப்படி அறிவது?

கேள்வி: பாகப்பிரிவினையில் எனக்கு வந்த நிலத்தின் கிழக்கு ஓரத்தில், பக்கத்து நிலத்துக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, அந்த இடம் தமக்கே சொந்தம் என்கிறார். வழக்குத் தொடர எண்ணுகிறேன். கோர்ட்டில் கணீரென்று பேசுபவர் என்று ஒருவரைப் பலரும் சொல்கிறார்கள். அவர் சிவில் வழக்குக்கு ஏற்றவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: பேச்சுத் திறமை வேண்டியதுதான். ஆனால் சிவில் வழக்கின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, வாதம் நடப்பதற்கு வெகுநாள் முன்பே எழுதப்படும் பிராது, அதாவது வழக்குத் தொடுப்பவர் நீதிமன்றத்தில் கொடுக்கும் மனு. பிராதில் சொல்லாத ஒன்றுக்கு எத்தனை சாட்சியம் கொண்டுவந்தாலும் நீதிமன்றம் பொதுவாக அதைக் கணக்கில் கொள்ளாது. விசாரணை தொடங்கிய பிறகு பிராதைத் திருத்துவதும் எளிதன்று. உரிய அக்கறை காட்டியிருந்தும் அதை முன்பே எழுப்ப முடியவில்லை என்று நீதிமன்றத்தை நம்பவைத்தாக வேண்டும்.

உங்கள் வழக்கையே எடுத்துக்கொள்வோம். அவசரக்காரர் ஒருவர், நிரந்தர உறுத்துக்கட்டளை (எதிரி நிலத்தில் தலையிடக் கூடாது என்ற தடை உத்தரவு) மட்டும் கேட்டு வழக்கைப் போட்டுவிடுவார். எதிரியோ உரிமையே தமக்கு என்கிறார், அந்தத் துண்டு நிலமும் இப்போது அவர் கையில் இருக்கிறது. இந்த நிலையில் உரிமை விளம்புகையும் (நிலம் உங்களுடையது என்ற நீதிமன்ற அறிவிப்பு) சுவாதீனமும் (நிலத்தை உங்கள் கையில் ஒப்படைப்பது) கேட்காத வழக்கு நிற்காது. உச்ச நீதிமன்றம் 2008-இல் அனதுலா சுதாகர் வழக்கில் இதைத் தெளிவாக வகுத்துச் சொல்லியிருக்கிறது. பல ஆண்டுகள் வாய்தாவுக்கு அலைந்த பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்ற காரணத்துக்காகவே தோற்றுப்போன கட்சிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகங்களை மறக்க முடியவில்லை.

நான் ஜூனியராக இருந்த காலத்தில், என் சீனியர் மேசைமேல் தாய்ப்பத்திரம் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்), நடப்புப் பத்திரம், புலப்படம் (நிலத்தின் சர்வே வரைபடம்) மூன்றையும் விரித்து வைத்து, என்னை நான்கெல்லையை உரக்கப் படிக்கச் சொல்லி, ஒரு தாளின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டே வருவார். ஒருமுறை பழைய பத்திரத்தில் ‘வாய்க்காலுக்கு மேற்கு’ என்றும், புதியதில் ‘வண்டிப்பாதைக்கு மேற்கு’ என்றும் இருந்தது. வாய்க்கால் தூர்ந்து பாதையானதா, அல்லது இரண்டும் வெவ்வேறா என்று தெரியும்வரை அவர் பிராதை எழுதவே இல்லை. கட்சிக்காரருக்குக் கோபம் வந்தது. ஆனால் சொத்து விவரத்தில் அந்தப் பிழை தங்கியிருந்தால், டிகிரி (தீர்ப்பாணை) கிடைத்த பிறகும், அதை நிறைவேற்றப் போகும் நீதிமன்ற ஊழியரான அமீனாவுக்கு எந்த இடத்தை ஒப்படைப்பது என்றே தெரிந்திருக்காது.

அப்படிப்பட்டவர் உங்களுக்குப் பிடிக்காத கேள்விகளையும் கேட்பார். வேலி எந்த ஆண்டு தள்ளப்பட்டது என்பது அவற்றில் முதலாவது. உரிமையின் பேரில் சுவாதீனம் கேட்க, எதிரியின் அனுபவம் உங்களுக்குப் பாதகமான நாளிலிருந்து, அதாவது அந்த இடத்தை அவர் தமதென்று சொல்லி வைத்துக்கொண்ட நாளிலிருந்து, 12 ஆண்டுகளே காலவரம்பு. ஊர்ப் பஞ்சாயத்தில் ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டீர்களா என்றும் கேட்பார். மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் அது வெளிவரும்போது அவரால் உங்களைக் காப்பாற்ற இயலாது.

முதல் சந்திப்புக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். அவற்றை உங்கள் எதிரிலேயே பிரித்து, எல்லைகளை விரல் வைத்துப் படிக்கிறாரா என்று பாருங்கள். கட்டைப் பிரிக்காமலேயே வக்காலத்தில் (அவரை உங்கள் வழக்கறிஞராக நியமிக்கும் பத்திரத்தில்) கையெழுத்துக் கேட்டால், வேறு ஒருவரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.